ஆங்கிலப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், ஆனால் எதுவும் புரியவில்லை. என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இதுதான். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறீர்கள். தமிழ்வழிப் பிள்ளைகள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் கடகடவென்று வாசித்துவிடுகிறார்கள். "என்னம்மா படிச்சே?" என்றால் முழிக்கிறார்கள். ஆர்வமும் குறைந்துகொண்டே போகிறது. எப்படிப் புரியவைப்பது, எப்படி விரும்பவைப்பது?

22 வருடம் இதே வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்திருக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் நானும் இதே கேள்வியோடுதான் இருந்தேன். நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. புரியாத ஒன்றைத் தினமும் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆர்வம் போகத்தான் செய்யும். அதனால் முதலில் புரிதலைப் பார்ப்போம்.

கீழே உள்ள வரியைப் படியுங்கள்.

"துமிந்தான் தன் குரட்டியை மிழைத்து, இரண்டு பொலுக்கங்களை நொளப்பினான்."

இப்போது கேள்வி. துமிந்தான் எதை மிழைத்தான்? குரட்டியை. எத்தனை பொலுக்கங்களை நொளப்பினான்? இரண்டு. இரண்டும் சரி, முழு மதிப்பெண். ஆனால் அந்த வரியில் அர்த்தமே கிடையாது, நான் இட்டுக்கட்டியது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு நம் பிள்ளைகள் இப்படித்தான் விடை எழுதுகிறார்கள். கேள்வியில் உள்ள சொல் பாடத்தில் எந்த வரியில் வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். நாமும் டிக் போட்டுவிடுகிறோம். அதனால் வாய்விட்டு வாசிப்பதையும் கேள்வி பதிலையும் வைத்துப் புரிந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, "இதுவரை என்ன நடந்தது, தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். இதைவிட நம்பகமான சோதனையை நான் பார்த்ததில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பிலும், ஆங்கிலத்தைச் சோதிக்கும்போது கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். குழந்தை வாக்கியத்தை வாசித்துக் காட்டிய பிறகு, அதன் பொருள் என்ன என்று தனியாகக் கேட்கிறார்கள். வாசிப்பது வேறு, புரிவது வேறு என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது. எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். இதை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு பத்தியை அவனே வாசித்துச் சொல்லட்டும். அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டி, கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தால் புரிகிறது, அவனே வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. இரண்டிலும் புரியவில்லை என்றால் மொழியில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டுவதில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். "தமிழில் எழுதியபடி வாசிக்கலாம், இங்கிலீஷில் ஒரே எழுத்துக்கு நாலு சத்தம்" என்று பயப்படுவார்கள். பக்கம், பங்கு, பகல் மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே க, மூன்று விதமாக ஒலிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே இடம் பார்த்து ஒலியை மாற்றுகிறார்கள். அதே மூளைதான் ஆங்கிலத்துக்கும் போதும் என்று சொன்னால் பயம் பாதி போய்விடும். பிறகு தினம் பத்து நிமிட ஒலிப்பயிற்சி. ஆனால் உங்கள் கேள்வி சரளமாக வாசித்தும் புரியாதவர்களைப் பற்றியது, அதனால் அங்கே வருகிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சொல் தெரியாததுதான் பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். பாடம் தொடங்கும் முன் பதினைந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி அர்த்தமும் எழுதிப் போடுகிறோம். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் எல்லாச் சொல்லும் தெரிந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்தேன். "தி டாக் தட் சேஸ்ட் தி கேட் வாஸ் பிளாக்." எது கறுப்பு என்று கேட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பூனை என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

தமிழில் அதையே எப்படிச் சொல்வோம்? "பூனையைத் துரத்திய நாய் கறுப்பு." கறுப்புக்குப் பக்கத்தில் நாய் நிற்கிறது. நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் வருவதால், நாய்க்கும் கறுப்புக்கும் நடுவில் பூனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்க் காது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைக்கு அறிவு குறைவு என்பதில்லை, தன் தாய்மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறான்.

இதே மாதிரி இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. "வேடன் புலியைக் கொன்றான்", "புலியை வேடன் கொன்றான்", எப்படி மாற்றிப் போட்டாலும் தமிழில் செத்தது புலிதான். அந்த 'ஐ' உருபு காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் உருபு கிடையாது, சொல் நிற்கும் இடம்தான் உருபு. அதனால் நம் பிள்ளைகள் இடத்தைக் கவனிப்பதே இல்லை. "தி டைகர் வாஸ் கில்ட் பை தி ஹன்டர்" என்றால், டைகர், கில்ட், ஹன்டர் மூன்றையும் பொறுக்கி எடுத்து, புலி வேடனைக் கொன்றது என்று கதை கட்டிவிடுவார்கள். புலிதானே கொல்லும் என்று பொது அறிவும் கைகொடுக்கும்.

அப்புறம் எதிர்மறை. தமிழில் 'இல்லை', 'மாட்டேன்', 'ஆத' என்று வினையோடு சேர்ந்து வரும், தவறவிட முடியாது. ஆங்கிலத்தில் "ஹி வாஸ் டூ டயர்ட் டு வாக்" என்ற வரியில் 'நாட்' எங்கேயும் இல்லை. ஆனால் அவன் நடக்கவில்லை. பிள்ளைகளோ "களைப்பாக நடந்தான்" என்பார்கள். 'அன்லெஸ்', 'ஹார்ட்லி' எல்லாம் இந்த ரகம். அடுத்து 'இட்', 'தெம்', 'திஸ்' போன்ற சின்னச் சொற்கள். இவை யாரை, எதைச் சுட்டுகின்றன என்பது விட்டுப்போனால் இரண்டாவது பத்தியிலேயே கதை கையைவிட்டுப் போய்விடும்.

இதற்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் முக்கியமான, வளைந்த நான்கைந்து வாக்கியங்களை மட்டும் முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்வேன். வகுப்பில் அந்த வாக்கியத்தின் முக்கிய வினையைத் தேடி வட்டம் போடச் சொல்வேன். பிறகு இதைச் செய்தது யார் அல்லது எது என்று தேடிக் கோடு போடுவார்கள். மீதிச் சொற்களைத் துண்டு துண்டாகப் பென்சிலால் பிரிப்பார்கள். சின்னச் சொற்களிலிருந்து அவை சுட்டும் பெயருக்கு அம்புக்குறி. கடைசியில் அதே வாக்கியத்தைத் தமிழில் இயல்பாகச் சொல்ல வேண்டும், சொல்லுக்குச் சொல் இல்லை, வீட்டில் அம்மாவிடம் சொல்வது போல. மூன்று மாதம் இதைச் செய்தால் கண் தானாகவே வினையைத் தேடப் பழகிவிடும். இலக்கண வகுப்பில் 'ரிலேடிவ் கிளாஸ்' (பெயருக்குப் பின்னால் வரும் அந்த விளக்கத் தொடர்) என்று பெயர் சொல்லிக்கொடுப்பதைவிட இது பல மடங்கு பயன் தந்தது என்பது என் அனுபவம்.

இனி சொற்கள். வாக்கிய அமைப்பைச் சொல்லிவிட்டேன் என்பதால் சொற்கள் முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் போதுமான அளவு புரிந்துகொள்ள, அதில் உள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நூறு சொல்லில் தெரியாதது இரண்டு. நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, உங்கள் வகுப்பில் நடுத்தரமான ஒரு பிள்ளையைத் தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். நூற்றுக்குப் பத்து, பதினைந்து கோடு விழும். அந்த நிலையில் அவன் செய்வது வாசிப்பே இல்லை, புதிர் விடுவிப்பது. பாடத்தை ஆசிரியர் கைபிடித்து நடத்தத்தான் வேண்டும், அதைத் தனியாக வாசித்துப் புரிந்துகொள்ளச் சொல்வது நியாயமில்லை.

இதைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே நம் நாட்டிலேயே ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். அன்று இந்தியாவோடு இருந்த டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகள் பெரும்பாலானோர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து, இன்ஷூரன்ஸில் சொல்வோமே 'சரண்டர் வேல்யூ', அதே சொல்லைக் கல்விக்கு எடுத்துக்கொண்டார். பாலிசியை நடுவில் நிறுத்தினால் கையில் என்ன வரும்? அதுபோல ஒரு பிள்ளை படிப்பை இன்று நிறுத்தினால், இதுவரை படித்த ஆங்கிலத்தில் அவனுக்கு உபயோகமாக எது மிஞ்சும்? வாசிக்கும் திறன்தான் என்பது அவர் முடிவு. அன்றைய வாசிப்புப் புத்தகங்களில் புதிய சொற்கள் நெருக்கி நெருக்கி வருவதைப் பார்த்து, புதுச் சொல்லைக் குறைத்து, வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும்படி எளிய புத்தகங்களைத் தானே எழுதினார். 1953-ல் அவர் பெயரில் வந்த சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. அந்த 'சரண்டர் வேல்யூ' என்ற எண்ணம் என்னை மிகவும் பாதித்தது. என் வகுப்பில் பத்தாவதோடு நிற்கப்போகும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டையும், வங்கிக் கடிதத்தையும், வேலைக்கான படிவத்தையும் அவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்க ஆரம்பித்தேன்.

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் கையிருப்பையும் மறந்துவிடாதீர்கள். சார்ஜர், டிக்கெட், ரீசார்ஜ், ஃபுல், ஆஃப், லேட், டென்ஷன், ஸ்பெஷல். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லும் பிள்ளைக்கும் நூற்றுக்கணக்கில் தெரியும். வீட்டில் பேசும் ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னால் நோட்டு நிறைந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, தமிழுக்கு வந்ததும் சில சொற்கள் அர்த்தம் மாறியிருக்கும். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம், கதையில் வரும் ஹோட்டலில் ஆள் தூங்குவான். நமக்கு கரண்ட் என்றால் மின்சாரம், கதையில் ஆற்றில் ஓடும். அந்த இடங்களில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சொல் தெரிந்து, வாக்கியமும் புரிந்து, அப்படியும் கதை பிடிபடாத இடம் ஒன்று உண்டு. 1979-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்டெஃபென்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் மூவரும் செய்தது. இந்தியக் கல்யாணம் பற்றி ஒரு கடிதம், அமெரிக்கக் கல்யாணம் பற்றி ஒரு கடிதம், இரண்டையும் அமெரிக்காவில் இருந்த இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் படிக்கக் கொடுத்தார்கள். அவரவர் ஊர்க் கல்யாணத்தை வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடிதத்தில் மணப்பெண் தன் பாட்டியின் கல்யாண உடையை உடுத்தியிருப்பாள். அங்கே அது பெருமை. படித்த ஓர் இந்தியர் அதை, உடை ரொம்பப் பழசு, பேஷன் போய்விட்டது என்று நினைவில் வைத்திருந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்தான். நம் பிள்ளைகள் பனிப்பொழிவையும் கணப்பு அடுப்பையும் பற்றிப் படிக்கும்போது அவர்களுக்கு என்ன போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் தமிழில் பேசுங்கள். படம் காட்டுங்கள். "இந்த மாதிரி உங்களுக்கு நடந்திருக்கா?" என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் வீணாகாது.

தமிழில் பேசலாமா என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வாசிப்பு வகுப்பைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கவில்லை. அவர்கள் வாசிப்பது ஆங்கிலமாக இருக்கட்டும், அதைப் பற்றி யோசிப்பதும் சண்டை போடுவதும் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இனி ஆர்வத்துக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மொத்தம் எத்தனை பக்கம் வாசிக்கிறார்கள்? பாடப்புத்தகம் மட்டும்தான். அதையும் அவர்களாக வாசிப்பதில்லை. நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்தே நீச்சல் கற்கச் சொல்வது போலத்தான் இது. 1980-ல் ஃபிஜித் தீவுகளில், எல்லி, மங்குபாய் இருவரும் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆங்கிலம் அவர்களுக்கும் இரண்டாம் மொழி. எட்டுப் பள்ளிகளில் வகுப்புக்கு சுமார் 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பேசுவார். சில வகுப்புகளில் தினமும் கொஞ்ச நேரம் பிள்ளைகள் தாங்களாக மௌனமாக வாசிப்பார்கள், அவ்வளவுதான். எட்டு மாதத்தில், வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பிலும் கேட்டலிலும் முன்னேறினார்கள். இரண்டாம் வருடம் அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. இலக்கணத்தைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்காமலே!

250 புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நான் 30 புத்தகத்தோடு ஆரம்பித்தேன். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான கதைகள் இலவசமாக இருக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்து. பல கதைகள் தமிழிலும் இருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். பதிவிறக்கி அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். தடுமாறும் பிள்ளைக்கு முதலில் தமிழ்க் கதையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதையே ஆங்கிலத்தில் கொடுங்கள். கதை தெரிந்திருப்பதால் முழுக் கவனமும் மொழிமேல் போகும். பிள்ளைகளே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம், வேறு எடு. பாதியில் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் உரிமை வேண்டும். படித்து முடித்தபின் கேள்வி பதில் எழுதச் சொல்லவே கூடாது. பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லட்டும். வகுப்பில் ஒருவன் சிரித்துக்கொண்டே வாசித்தால் அடுத்த நாள் அந்தப் புத்தகத்துக்கு நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். கதை பிடிக்காத பையன்களுக்கு கிரிக்கெட் ஸ்கோர் கார்டும் மேட்ச் பற்றிய சின்னச் செய்தியும் கொடுத்தேன். நேற்று ராத்திரி பார்த்த மேட்ச், எல்லாம் தெரிந்த கதை, 98 விழுக்காடு தானாக வந்துவிடும்.

பாடப்புத்தகத்துக்கு ஒரு குழு முறை. 1984-ல் பலின்சார், பிரவுன் இருவரும், வாசிக்கத் தெரிந்தும் புரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகவே இதை முயன்று பார்த்தார்கள். நம் வகுப்பின் அதே நோய். வகுப்பில் இதை நான்கு பேர் கொண்ட குழுவாகச் செய்யலாம். ஒரு பத்தி வாசித்ததும் ஒருவர் சுருக்கிச் சொல்வார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தை எடுத்து வைப்பார், ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார். அடுத்த பத்திக்கு வேலை மாறும். முதலில் நீங்கள் நாலு வேலையையும் செய்து காட்ட வேண்டும், இரண்டு வாரம் ஆகும். "எனக்கு இங்கே புரியலை" என்று சொல்வதே ஒரு பொறுப்பு ஆகிவிடுவதால் வெட்கம் போய்விடும். எங்கள் வகுப்பில் அந்த வேலைக்குத்தான் போட்டி.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்பது உண்மையான கவலை. வாரத்தில் இரண்டு நாள், வகுப்பின் முதல் 15 நிமிடம் மௌன வாசிப்பு, நீங்களும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு நாள் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள், நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு மணி அடித்ததும் போய்விடுங்கள். மீதி நேரம் பாடம். எல்லாப் பத்தியையும் ஒரே ஆழத்தில் நடத்த வேண்டியதில்லை. எழுந்து நின்று ஆளுக்கு ஒரு பத்தி வாசிப்பதை நிறுத்தினாலே நிறைய நேரம் மிஞ்சும். அப்போது வாசிப்பவன் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறான், மற்றவர்கள் தங்கள் முறை எப்போது என்று எண்ணுகிறார்கள், கதையை யாரும் கவனிப்பதில்லை.

ஜூனில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிதாக எதுவும் தெரியாது. என் வகுப்பில் அரையாண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது, அதுவும் முதலில் தெரிந்தது புதிதாகக் கொடுத்த பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியில். அதுவரை தலைமை ஆசிரியருக்குக் காட்ட, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை புத்தகம் முடித்தது என்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் வாரம் நீங்கள் கொண்டுபோகும் புத்தகங்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானதாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. அட்டையில் நிலை 1 என்றோ மூன்றாம் வகுப்பு என்றோ போட்டிருந்தால் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.